வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒரு டேட்டாபேஸ்: முதல் முறை எழுதுகிறேன், எங்கே தொடங்குவது?

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் கற்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி எல்லாம் தடுமாறாமல் எழுதுவேன். பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்ததால், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் என்ற பெயரும் 'செலக்ட் ஸ்டார்' என்பதும் தெரியும். அதற்கு மேல் கிடையாது.

என் சித்தப்பா கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம், நாற்காலி, ஜமக்காளம் வாடகைக்கு விடுகிறார். கணக்கெல்லாம் நீள நோட்டில்தான். போன வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் அதே நான்கு பெரிய அண்டாக்களை ஒப்புக்கொண்டுவிட்டார். முந்தின நாள் ராத்திரி பக்கத்து ஊர்க் கடையில் இரவல் வாங்கிச் சமாளித்தோம். அன்று அவர் முகத்தைப் பார்த்தபிறகு இதற்கு நானே ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எக்செல்லில் முயன்றேன். ஒரு ஆர்டருக்கு ஒரு வரிசை. பெயர், ஊர், போன், தேதி, அப்புறம் பொருள்1, எண்ணிக்கை1, பொருள்2, எண்ணிக்கை2 என்று பொருள்12 வரை போட்டேன். பதின்மூன்று பொருள் கேட்டு ஒருவர் வந்தார். அதோடு நின்றுவிட்டது.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், மோங்கோடிபி இவற்றில் எதை எடுப்பது? முதலில் எஸ்க்யூஎல்லை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா, இல்லை ஜாங்கோ போன்ற, பைத்தானில் வலைச் செயலி கட்ட உதவும் ஒன்றை எடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளுமா?

சோளப்பொரி

ஜாங்கோவை எடுங்கள். பைத்தான் கிளாஸ் எழுதத் தெரிந்தால் போதும், டேபிள்களை அதுவே உருவாக்கும். அட்மின் பக்கம் இலவசமாகக் கிடைக்கும், அதிலேயே உங்கள் சித்தப்பா ஆர்டர் பதியலாம். மூன்று வாரத்தில் கடையில் ஓடவிடலாம். எஸ்க்யூஎல்லைத் தேவைப்படும்போது தேவையான அளவுக்குக் கற்றுக்கொள்ளலாம். ஓடுகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் மனதில் நிற்கும். நான் அப்படித்தான் வந்தேன்.

ராத்திரி_டூட்டி

தம்பி, பதின்மூன்றாவது பொருளில் முட்டிக்கொண்டு நின்றாயே, பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொருள்1, பொருள்2 என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போனால் இடம் தீர்வது மட்டும் பிரச்சினை இல்லை. 'இன்று எத்தனை அண்டா வெளியே இருக்கிறது' என்று கேட்டால் பன்னிரண்டு நெடுவரிசையிலும் தேட வேண்டிவரும்.

பதினான்கு வருடமாக டேட்டாபேஸ்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். எந்த மென்பொருள் என்பதை இப்போது விடு. ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் திறக்காதே. சித்தப்பாவின் நோட்டில் நாற்பது பக்கம் வாங்கிக்கொண்டு பென்சிலும் தாளுமாக உட்கார். எந்தெந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார். ஆள் வருகிறார். பொருள் இருக்கிறது. ஆர்டர் எழுதப்படுகிறது. பணம் வருகிறது, சிலசமயம் மூன்று தவணையாக. சாமான் திரும்பி வருகிறது, சிலசமயம் குறைந்து. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள். அதுதான் டேபிள்.

அப்புறம் இரண்டு இரண்டு தாளாக எடுத்து இருபக்கமும் ஒரே கேள்வியைக் கேள். ஒரு ஆளுக்கு எத்தனை ஆர்டர் இருக்கலாம்? பல. ஒரு ஆர்டர் எத்தனை ஆளுடையது? ஒருவருடையதுதான். அப்படியானால் ஆர்டர் தாளில் அந்த ஆளின் எண்ணை எழுதிவைத்தால் போதும். அந்த எண்ணுக்கு அவருடைய சொந்தத் தாளில் பிரைமரி கீ என்று பெயர், ஆர்டர் தாளில் ஃபாரின் கீ என்று பெயர்.

அடுத்து ஆர்டரும் பொருளும். ஒரு ஆர்டரில் பல பொருள். ஒரு பொருள் பல ஆர்டரில். இரண்டு பக்கமும் 'பல' என்று வந்தால் இரண்டு தாளுக்கும் நடுவே மூன்றாவது தாள் ஒன்று வேண்டும். 'ஆர்டர் வரி' என்று பெயர் வை. ஆர்டர் எண், பொருள் எண், எத்தனை, என்ன வாடகை: இந்த நான்கும் ஒரு வரிசை. பதின்மூன்று பொருள் என்றால் பதின்மூன்று வரிசை, ஐம்பது என்றால் ஐம்பது. டேபிளின் அமைப்பு மாறாது. இந்த ஒரு தாள் ஏன் தேவை என்று உன் வாயால் சித்தப்பாவுக்குச் சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

சோளப்பொரி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜாங்கோவுக்கு உன் கடை தெரியாது. எந்த டேபிள் வேண்டும் என்று நீதான் அதற்குச் சொல்லப்போகிறாய். தப்பாகச் சொன்னால் தப்பை அழகாகக் கட்டிக் கொடுக்கும்.

கரிசல்காடு

ராத்திரி_டூட்டி அண்ணா, நான்கு நாள் நோட்டோடு உட்கார்ந்தேன். ஆறு தாள் வந்தது: வாடிக்கையாளர், பொருள், ஆர்டர், ஆர்டர் வரி, வரவு, திரும்பல். முதலில் ஆர்டர் வரியிலேயே 'திரும்பிய தேதி' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். நோட்டில் பார்த்தால் நூறு நாற்காலி போனதில் 80 மறுநாளும் 18 அதற்கடுத்த வாரமும் வந்திருக்கிறது, இரண்டு வரவே இல்லை. அதனால் திரும்பலைத் தனித் தாளாக்கினேன்.

இரண்டு சந்தேகம். வாடிக்கையாளருக்குப் போன் நம்பரையே பிரைமரி கீ ஆக்கலாமா? ஒருவருக்கு ஒரு நம்பர்தானே. அடுத்தது, வாடகை பொருள் டேபிளில் இருக்கும்போது ஆர்டர் வரியிலும் ஏன் எழுத வேண்டும்? ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது, அதுதான் நார்மலைசேஷன் என்று படித்தேனே.

மல்லிப்பந்தல்

இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. பில்லிங் மென்பொருள் எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பொருள் டேபிளில் இருப்பது 'இன்றைக்கு நாற்காலி வாடகை என்ன'. ஆர்டர் வரியில் இருப்பது 'வைகாசி 12க்கு அந்த வீட்டாரிடம் என்ன விலை பேசினோம்'. எண் ஒன்றாக இருக்கலாம், தகவல் வேறு. ஆடியில் சித்தப்பா நாற்காலியை 8 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆக்கினால் வைகாசிப் பாக்கி ஏறக் கூடாது அல்லவா? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் செய்யாமல் விட்டேன். விலை மாற்றிய மறுநாள் மூன்று வருடப் பழைய பில் அத்தனையும் புது விலையில் அச்சாகி வந்தது. எல்லாவற்றையும் காகித நகலைப் பார்த்துத் திருத்தினோம். நார்மலைசேஷன் தடுப்பது ஒரே உண்மையை இரண்டு இடத்தில் வைப்பதை. இங்கே இருப்பது இரண்டு உண்மை.

போன் நம்பர் வேண்டாம். அப்பா நம்பரில் மகன் ஆர்டர் கொடுப்பார். நம்பரை மாற்றிக்கொள்வார்கள். விட்ட நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறு ஆளுக்குப் போகும். மாறக்கூடிய எதையும் பிரைமரி கீ ஆக்காதே தம்பி. 1, 2, 3 என்று டேட்டாபேஸே கொடுக்கும் எண் போதும்.

இன்னொன்று. இணையத்துப் பாடங்களில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு நெடுவரிசை போடச் சொல்வார்கள். நம் ஊர்ப் பெயரை அப்படிப் பிரிக்க முடியாது. இனிஷியலை லாஸ்ட் நேமில் போடுவதா, அப்பா பெயரை எழுதுவதா என்று குழம்பிப்போய் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பதிவார்கள். 'பெயர்' என்று ஒன்று, 'அடையாளம்' என்று ஒன்று வை. நோட்டில் சித்தப்பா எப்படியும் 'மேலத்தெரு வாத்தியார் வீடு' என்றுதான் எழுதியிருப்பார்.

கரிசல்காடு

அக்கா, நோட்டில் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கிறது! 'டேங்க் பக்கம் முருகன்', 'ரைஸ்மில் முருகன்' என்று ஐந்து முருகன்.

பழைய_கீபோர்டு

இளைஞரின் ஆர்வம் சந்தோஷம் தருகிறது. இந்த 'ரிலேஷனல்' என்ற சங்கதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் படிப்பது லேசாகும், அதற்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1960களின் இறுதியில் ஐபிஎம்மின் ஐஎம்எஸ் போன்ற டேட்டாபேஸ் முறைகள்தான் பெரிய இடங்களில் ஓடின. அப்போலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலுக்காக உருவானது ஐஎம்எஸ். தகவல் மரம் போல அடுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து கிளை கிளையாக இறங்கித்தான் எதையும் எடுக்க முடியும். அந்த வழி புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அடுக்கை மாற்றினால் புரோகிராம் உடைந்துபோகும்.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவலைக் கணிதத்தில் சொல்லும் 'ரிலேஷன்' வடிவில் வையுங்கள், அது உள்ளே எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரியவே வேண்டாம் என்றார். கரிசல்காடு கணிதம் படிப்பவர் என்பதால் சொல்கிறேன்: ஒரு டேபிள் என்பது கார்ட்டீசியன் பெருக்கத்தின் உட்கணம். வகுப்பில் படித்த அதே உறவுதான். இரண்டு டேபிளை ஜாயின் செய்வதும், அதாவது இணைப்பதும், பெருக்கத்தை எடுத்து அதில் நிபந்தனைக்கு ஒத்து வருவதை வைத்துக்கொள்வதுதான்.

1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை முன்வைத்தார்கள். அந்தப் பெயர் வேறொருவரின் வணிகக் குறியாக இருந்ததால் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. 1979இல் ஆரக்கிள் வணிகமாக வந்தது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயம் கிடைத்தது. காடுக்கு 1981இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது.

நான் 90களில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியவன். ஒரு ரெக்கார்டில் போய் நிற்பது, அடுத்ததற்குத் தாண்டுவது, முடிவு வரும்வரை லூப். எஸ்க்யூஎல்லுக்கு வந்தபோது கைப்பழக்கம் விடவில்லை, எல்லா ரோவையும் இழுத்து வந்து லூப் போட்டுக்கொண்டிருந்தேன். 'எப்படி எடுக்க வேண்டும்' என்று சொல்வதை நிறுத்தி 'எது வேண்டும்' என்று மட்டும் சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. பைத்தானிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, எழுத உட்காரும்போது, விடையாக வரவேண்டிய டேபிளை முதலில் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு ரோவும் எதைக் குறிக்கிறது என்று தலைப்பில் எழுதுங்கள். அப்புறம் குவெரி.

சோளப்பொரி

ஐயா சொன்ன வரலாறு எனக்கே புதிது, நன்றி. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. தாளில் வரையும் ஆர்வம் ஒரு மாதத்தில் வடிந்துவிட்டால் சித்தப்பாவுக்கு எதுவும் மிஞ்சாது.

ஜாங்கோவில் எனக்கு நடந்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். ஆர்டர் பட்டியல் பக்கம் ஒன்று எழுதினேன். நூறு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் காட்டும். எனக்குத் தெரியாமல் அது ஒவ்வொரு பெயருக்கும் தனிக் குவெரி அனுப்பிக்கொண்டிருந்தது, மொத்தம் 101. பக்கம் திறக்க நேரம் பிடித்தது. 'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் ஒரே குவெரி ஆனது. அந்த வார்த்தை உள்ளே ஜாயின் என்று எனக்குப் புரிந்தது அதற்கு அப்புறம்தான்.

ராத்திரி_டூட்டி

சோளப்பொரி, நீங்கள் சொன்ன இந்த 101 கதையை மனதார மதிக்கிறேன். நம் இருவருக்கும் வித்தியாசம் வரிசையில்தான். தம்பிக்கு நான் சொல்வது: முதல் இரண்டு மாதம் வெறும் எஸ்க்யூஎல், அப்புறம் தாராளமாக ஜாங்கோ.

சரி, இனி எது என்ற கேள்வி. எஸ்க்யூலைட் எடு. பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. உன் போனிலும் சித்தப்பா போனிலும் அது இப்போதே இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சித்தப்பா என்றால் அது தடையே இல்லை. மோங்கோடிபி டேபிளாக இல்லாமல் தனித்தனி ஆவணமாகச் சேமிப்பது, உனக்கு வேண்டாம். உன் தகவல் முழுக்க ஒன்றோடொன்று கோர்த்தது.

ஆனால் எஸ்க்யூலைட்டில் மூன்று இடத்தில் கவனம் தேவை. ஒன்று, ஃபாரின் கீயை எழுதினாலும் அது தானாகக் காவல் காக்காது. ஒவ்வொரு முறை இணையும்போதும் 'பிராக்மா ஃபாரின் கீஸ்' என்பதை ஆன் செய்ய வேண்டும். மறந்தால் இல்லாத வாடிக்கையாளர் பெயரில் ஆர்டர் ஏறும், யாரும் தடுக்கமாட்டார்கள். இரண்டு, எண் போட வேண்டிய இடத்தில் 'நூறு' என்று எழுத்தில் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். டேபிள் உருவாக்கும்போது கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' சேர்த்தால் மறுக்கும். 2021இல் வந்த வசதி அது. மூன்று, பணம். புள்ளி எண்ணாக வைக்காதே. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி என்ன வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பைசாவாக்கி முழு எண்ணாக வை, காட்டும்போது நூறால் வகுத்துக்கொள்.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பற்றி இப்போது யோசிக்காதே. சில ஆயிரம் ரோவுக்குத் தேவைப்படாது.

கரிசல்காடு

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். ஆறு டேபிளும் தயார், நோட்டிலிருந்து 60 ஆர்டர் ஏற்றிவிட்டேன். ஆனால் பாக்கிக் கணக்கு தப்பாக வருகிறது, இரண்டு ராத்திரியாகப் பிடிபடவில்லை.

ஒரு ஆர்டர்: நாற்காலி 100, எட்டு ரூபாய் வீதம் 800. அண்டா 4, 150 வீதம் 600. ஜமக்காளம் 6, 100 வீதம் 600. மொத்தம் 2000. அட்வான்ஸ் முதலில் 500, பிறகு 700. பாக்கி 800 வர வேண்டும். ஆர்டர், ஆர்டர் வரி, வரவு மூன்றையும் ஜாயின் செய்து கூட்டினால் 400 என்று வருகிறது. சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் 400 ரூபாயை விட்டுவிட்டு வந்திருப்பார். எங்கே தப்பு?

மல்லிப்பந்தல்

தம்பி, பழைய_கீபோர்டு ஐயா சொன்னதைச் செய். கூட்டாமல் வெறும் ஜாயினை மட்டும் ஓட்டி, எத்தனை ரோ வருகிறது என்று எண்ணு. ஆறு வரும். மூன்று பொருள் வரி, இரண்டு வரவு, மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. நாற்காலி வரி ஒவ்வொரு அட்வான்ஸோடும் ஒருமுறை ஜோடி சேர்கிறது. அதனால் வாடகை இரண்டு மடங்காகி 4000. ஒவ்வொரு அட்வான்ஸும் மூன்று முறை வருவதால் 3600. கழித்தால் 400.

ஜாயின் தப்பு செய்யவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. வரவுக்கும் பொருளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை, இரண்டுக்கும் ஆர்டரோடு மட்டும்தான் சம்பந்தம். அதனால் தனித்தனியாகக் கூட்டு. ஆர்டர் வரியை 'குரூப் பை' ஆர்டர் எண் போட்டு, அதாவது ஆர்டர் வாரியாகச் சேர்த்து, ஒரு மொத்தம். வரவை அதே மாதிரி இன்னொரு மொத்தம். இரண்டிலும் ஒரு ஆர்டருக்கு ஒரே ரோதான் இருக்கும். இப்போது ஜாயின் செய்தால் பெருகாது. வரவை 'லெஃப்ட் ஜாயின்' செய், வரவு இல்லாத ஆர்டரும் தங்கும், இல்லையென்றால் அட்வான்ஸே தராதவர்கள் பட்டியலிலிருந்து மறைந்துபோவார்கள். கடைக்கு முக்கியமானவர்கள் அவர்கள்தான்.

லெஃப்ட் ஜாயினில் வரவு இல்லாத இடம் 'நல்' (NULL) என்று வரும். 2000லிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல்தான், 2000 அல்ல. 'கோயலெஸ்' போட்டு அதைச் சுழியமாக்கு. நல் என்பது சுழியம் இல்லை, 'தெரியாது' என்ற பொருள். நல்லுக்கும் நல்லுக்கும் சமக்குறி போட்டால்கூட உண்மை என்று வராது. அதனால் காலி இடத்தைத் தேடும்போது சமக்குறி வேண்டாம், 'இஸ் நல்' என்றே எழுது.

கரிசல்காடு

800 வந்துவிட்டது. அக்கா, உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டினேன். பழைய 60 ஆர்டரையும் நோட்டோடு ஒப்பிட்டேன், 57 சரி. மூன்றில் நோட்டிலேயே கூட்டல் தப்பு.

எட்டாம்_நம்பர்

தமிழில் தகவல் ஏற்றுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான் தமிழ் மின்னகராதி வேலையில் இருந்தவன், இதில் நிறையப் பட்டிருக்கிறேன்.

'கொப்பரை' என்று தேடிப் பாருங்கள். சில ரோ வராமல் போகலாம். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு சொல். போன் கீபோர்டு ஒன்றும் கம்ப்யூட்டர் கீபோர்டு ஒன்றும் வேறு வேறாகத் தட்டினால் ஒரே பாத்திரம் இரண்டு பொருளாகிவிடும். பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டே சேமியுங்கள், தேடும் சொல்லையும் மாற்றிவிட்டே தேடுங்கள்.

அடுத்தது அகர வரிசை. எஸ்க்யூலைட் குறியீட்டு எண்படி அடுக்கும். யூனிகோடில் ர, ற, ல, ள, ழ, வ என்ற வரிசை. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதனால் பவானிக்கு முன்னால் பழனி வந்து நிற்கும், ஜமக்காளம் 'ச'வை ஒட்டி வரும். போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு கொலேஷன், அதாவது மொழிவாரி வரிசை விதி, இருக்கிறது, தமிழுக்குச் சரியாக அடுக்கும். எஸ்க்யூலைட்டில் பைத்தான் வழியாக 'கிரியேட் கொலேஷன்' போட்டு நீங்களே ஒப்பீட்டு விதி எழுதலாம். நாற்பது வரி ஆகும், ஆனால் செய்யுங்கள். பட்டியல் நம் வரிசையில் வருவது நம் உரிமை.

கரிசல்காடு

உண்மையாகவே கொப்பரை இரண்டு முறை இருந்தது! சேர்த்துவிட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன், எந்த வேலைக்காக இதைத் தொடங்கினேனோ அது. கேட்ட தேதிக்குப் பொருள் இருக்கிறதா? ஏற்கெனவே உள்ள ஆர்டர் தொடங்கும் தேதி புது ஆர்டர் முடியும் தேதிக்குள் இருக்க வேண்டும், அது முடியும் தேதி புதியது தொடங்கும் தேதிக்கு முன்னால் போகக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தும் ஆர்டர்கள் எல்லாம் மோதுபவை. அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டி இருப்பிலிருந்து கழிக்கிறேன். சரிதானா?

ராத்திரி_டூட்டி

மோதும் ஆர்டரைக் கண்டுபிடிக்கும் நிபந்தனை சரி. நிறையப் பேர் நான்கு வகை மோதலுக்கு நான்கு நிபந்தனை எழுதிக் குழம்புவார்கள், நீ இரண்டில் முடித்துவிட்டாய். கூட்டிக் கழி.

பழைய_கீபோர்டு

ஒரு நிமிடம். கூட்டுவதில் சிக்கல் உண்டு. இருப்பு 300 நாற்காலி. 10, 11 தேதிகளுக்கு ஒருவர் 120 எடுத்திருக்கிறார். 13, 14க்கு இன்னொருவர் 120. புதிதாக ஒருவர் 10 முதல் 14 வரை 150 கேட்கிறார். இரண்டு ஆர்டரும் புதியதோடு மோதுகின்றன, கூட்டினால் 240, மீதி 60, 'இல்லை' என்று வரும். ஆனால் அந்த இருவரும் ஒருவரோடொருவர் மோதவில்லை. எந்த நாளை எடுத்தாலும் வெளியே இருப்பது 120தான், 180 கடையிலேயே இருக்கிறது. கிடைக்க வேண்டிய ஆர்டர் கைநழுவிப் போகும்.

நாட்களையே ஒரு டேபிளாக வையுங்கள், ஒரு நாளுக்கு ஒரு ரோ. அடுத்த ஐந்து வருடத்துக்குச் சேர்த்தாலும் 1,826 ரோதான். அதை ஆர்டரோடு ஜாயின் செய்து நாள்வாரியாகக் கூட்டி, அதில் அதிகமானதை இருப்பிலிருந்து கழியுங்கள்.

ராத்திரி_டூட்டி

ஐயா சொல்வதே சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன். தம்பி, நாள் டேபிள் வழியில் போ. அதிலேயே முகூர்த்த நாளா இல்லையா என்று ஒரு நெடுவரிசையும் வைத்துக்கொள்ளலாம்.

கரிசல்காடு

சித்தப்பாவிடம் கேட்டேன். பாத்திரம் திரும்பி வந்த நாளில் மறு ஆர்டருக்கு அனுப்பமாட்டாராம், கழுவிக் காயவைக்க ஒரு நாள் வேண்டும். நாற்காலிக்கு வேண்டாம். அதனால் பொருள் டேபிளில் 'இடைவெளி நாள்' என்று சேர்த்தேன்: அண்டாவுக்கு 1, நாற்காலிக்கு 0. நோட்டில் எங்கேயும் எழுதப்படாத விஷயம் இது, அவர் மனதில் மட்டும் இருந்தது.

இன்னொரு பிழையும் வந்தது. கடலோரத்து வாடிக்கையாளர் ஒருவர் பெயர் டி'குரூஸ். அதைப் பதிந்தால் மட்டும் புரோகிராம் நின்றுவிடுகிறது.

மல்லிப்பந்தல்

பெயரை எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவைத்து எழுதியிருப்பாய். பெயரில் உள்ள மேற்கோள் குறியைப் பார்த்து வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைக்கிறது. வாக்கியத்தில் பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, பெயரைத் தனியாக அனுப்பு. இது பெயருக்காக மட்டும் இல்லை. இதே ஓட்டை வழியாகத்தான் 2015இல் பிரிட்டனில் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுமார் 1,57,000 வாடிக்கையாளர் விவரம் போனது. மறு வருடம் 4 லட்சம் பவுண்டு அபராதம். இன்றே எல்லா வாக்கியத்தையும் மாற்று, ஒன்றையும் விடாதே.

ராத்திரி_டூட்டி

கடையில் ஓடவிடும் முன் பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான டேட்டாபேஸின் ஃபோல்டரையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பல வகை பேக்கப் வைத்திருந்தார்கள், ஆனால் தானாக எடுக்கப்பட வேண்டியது பதிப்பு ஒத்துவராமல் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. யதேச்சையாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நாமெல்லாம் கற்றுக்கொள்கிறோம்.

உனக்குச் சொல்வது: எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஃபைலை அப்படியே காப்பி அடிக்காதே, பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். எஸ்க்யூலைட்டின் 'பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்து. ராத்திரி ஒரு பென்டிரைவ், வாரம் ஒருமுறை வேறு வீட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, கடைசி ஆர்டர் இருக்கிறதா என்று கண்ணால் பார். முதல் மூன்று மாதம் நோட்டையும் நிறுத்தாதே.

கரிசல்காடு

ஆவணி முதல் கடையில் ஓடுகிறது. நேற்று ஒருவர் ஐப்பசித் தேதி ஒன்றுக்கு ஆறு அண்டா கேட்டார். சித்தப்பா நோட்டைத் திறக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான்கு இருக்கிறது என்று வந்தது. நோட்டையும் புரட்டிச் சரிபார்த்தோம், நான்குதான். சோளப்பொரி அண்ணா, தை மாதம் ஜாங்கோ தொடங்குகிறேன், அப்போது உங்களைத் தேடி வருவேன்.

ராத்திரி சித்தப்பா பட்டியலை முழுக்க வாசித்தார். 'ஜல்லிக்கரண்டியில் பெரியது வேறு, சின்னது வேறு, வாடகையும் வேறு, நீ ஒன்றாகப் போட்டிருக்கிறாய்' என்றார். பொருள் டேபிளில் புது ரோ சேர்த்துவிட்டேன். பழைய ஆர்டர் வரிகளில் 38 இடத்தில் ஜல்லிக்கரண்டி வருகிறது. எது பெரியது எது சின்னது என்று நோட்டில் உள்ள வாடகையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இப்போது அதற்குத்தான் உட்காருகிறேன்.